நினைவுக்கும் ஒரு பேரேடு

வரவு செலவை அன்றன்றே பதியாத சங்கம் நிலைப்பதில்லை என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். ஒரு தனிமனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வாறே பதிந்து வைக்க இயலுமா?

இவ்வெண்ணம் புதியதன்று. ஒருவருடைய நூல்களையும் கடிதங்களையும் நுண்படமாக்கி, வேண்டும்போது எடுத்துக் காட்டும் மேசை போன்ற ஒரு சாதனத்தை 1945ஆம் ஆண்டிலேயே வன்னேவர் புஷ் என்ற அமெரிக்க அறிஞர் கற்பனை செய்து எழுதினார். அதற்கு ‘மெமெக்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னர், கணிப்பொறி வல்லுநரான கார்டன் பெல் (1934-2024), 1998 முதல் தம் கடிதங்கள், ரசீதுகள், புகைப்படங்கள் முதலியவற்றைக் கணிப்பொறியில் ஏற்றலானார். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் இம்முயற்சி ‘மைலைஃப்பிட்ஸ்’ என வழங்கிற்று. ‘சென்ஸ்கேம்’ என்னும் சிறு காமிராவையும் அவர் கழுத்தில் அணிந்தார். வெளிச்சம் மாறினாலும், எதிரில் ஆள் வந்தாலும் அது தானே படமெடுக்கும். இங்கிலாந்தில், நினைவாற்றல் குன்றிய நோயாளிகள் அத்தகைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நடந்ததை நினைவுகூர முடிந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனினும், சேர்ப்பது எளிது. தேடி எடுப்பதே அரிது. தேதியும் விவரமும் இல்லாத ஆயிரம் படங்கள், வரிசையின்றிச் சாக்கில் கொட்டிய வவுச்சர்களுக்கு ஒப்பானவை. தணிக்கை நாளில் அவை எவருக்கும் உதவா.

இன்று கைபேசி உள்ள ஒவ்வொருவரிடமும் அத்தகைய சாதனம் இருக்கிறது. ஆகவே அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. பாஸ் புத்தகம், நூல் பெற்ற சீட்டு, கூலிச் சீட்டு, விதை மற்றும் உர ரசீது, கடன் பத்திரம் ஆகியவற்றை அன்றே படமெடுத்து, தேதியையும் பொருளையும் பெயராக இடுக.

2. கைபேசி தொலையலாம், பழுதாகலாம். ஆதலின் வேறோரிடத்திலும் ஒரு பிரதி வைத்திடுக.

3. ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து, படிக்க முடிகிறதா எனச் சரிபார்த்திடுக.

4. மூலப் பத்திரத்தை ஒருபோதும் எறியற்க. படம் அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

5. பிறரை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும், அவர் பேச்சைப் பதிவு செய்வதும் முறையன்று.

சங்கப் பேரேட்டிலுள்ள கடன் பாக்கியும் அங்கத்தினர் கூறும் பாக்கியும் வேறுபடும்போது, கட்டிய தவணையை நிரூபிக்கச் சீட்டின்றித் தவிப்பவர் பலர். “கட்டினேன்” என்னும் சொல் உண்மையே ஆயினும், கணக்கில் அதற்கு இடமில்லை. வாழ்வு முழுவதையும் பதிய வேண்டுவதில்லை. உழைப்பின் பயனைக் காக்கும் சில தாள்களையேனும் ஒழுங்காகப் பேணுதல் நம் கடமையாகும்.