துணிக்கொடி இல்லீங்க, அது கண்ணாடி!

போன வருஷம் பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டிக்குப் போனோம். முத்தோரைப் பக்கம் பஸ் போகும்போது, மலைச்சரிவில் வரிசையாகப் பெரிய பெரிய இரும்புச் சட்டங்களும், அவற்றின் மேல் மெல்லிசா கம்பிகளும் தெரிந்தன. "அடேயப்பா, எவ்வளவு நீளத் துணிக்கொடி!" என்று நான் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். "அது துணிக்கொடி இல்லம்மா, கண்ணாடி" என்றார் கணக்கு சார். அப்போது நான் நம்பலை. பிறகு படித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

அது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 வளைந்த சட்டங்களின் மேல் 1100 எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கம்பி எப்படிக் கண்ணாடி ஆகும்?

30 மீட்டரை 1100-ஆல் வகுத்துப் பாருங்க. கம்பிக்குக் கம்பி இடைவெளி சுமார் 2.7 செ.மீ. ஆனால் இந்தத் தொலைநோக்கி பிடிக்கும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 92 செ.மீ.! கொசுவலைக்குள் காற்று நுழையும், கொசு நுழையாது இல்லையா? அதே மாதிரிதான். இவ்வளவு நீள அலைக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. முழுத் தகட்டில் பட்டது போல் திரும்பிவிடும். ஆக, கண்ணாடிக்குப் பளபளப்பு முக்கியமில்லை. வடிவம்தான் முக்கியம்.

என்ன வடிவம்?

சட்டங்களின் வளைவு வட்டம் இல்லை, பரவளையம். ஏன் என்று தெரிய ஒரு வரைபடத்தாள் எடுங்கள். y = x²/16 என்ற பரவளையத்தின் குவியம் (0, 4). y = 10 என்ற கோட்டிலிருந்து அலைகள் நேராகக் கீழே இறங்கி, வளைவில் பட்டு, குவியத்துக்குப் போவதாக வையுங்கள்.

(0, 0)-இல் பட்டால்: 10 + 4 = 14
(4, 1)-இல் பட்டால்: 9 + 5 = 14
(8, 4)-இல் பட்டால்: 6 + 8 = 14
(12, 9)-இல் பட்டால்: 1 + 13 = 14

எங்கே பட்டாலும் 14-தான்! பிதாகரஸ் தேற்றம் தெரிந்தால் போதும், நீங்களே சரிபார்க்கலாம்.

இப்போது (0, 10)-ஐ மையமாக வைத்து, 10 ஆரமுள்ள வட்டம் போடுங்கள். ஆரத்தில் பாதி தூரத்தில், (0, 5)-இல் குவியம். (0, 0)-இல் பட்டால் 15 வரும். (8, 4)-இல் பட்டால் 14.06-தான் வரும். சமம் இல்லை.

சமமா இல்லாட்டி என்ன போச்சு? நிறைய போச்சு! விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகள் மிக மிகப் பலவீனமானவை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால்தான் முகட்டோடு முகடு சேர்ந்து வலுக்கும். ஓர் அலை 46 செ.மீ., அதாவது அரை அலைநீளம், கூடுதலாக நடந்து வந்தால் முகடும் அகடும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பிடித்த அலையும் வீண்.

ஊட்டிக் கண்ணாடி அகலவாக்கில் மட்டும் வளைந்தது, நீளவாக்கில் நேர். அதனால் குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக வரும். அந்தக் கோட்டில் 1056 சின்ன ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன.

மலை செய்யும் உதவி

பூமி சுழல்வதால் வானத்துப் பொருள்கள் நகர்வது போல் தெரியும். அரை கிலோமீட்டர் கண்ணாடியை எல்லாப் பக்கமும் எப்படித் திருப்புவது? அங்கேதான் மூளை வேலை செய்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்ந்த, வடக்கு தெற்கான மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. கதவு கீலில் திரும்புவது போல், அந்த ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பினால் போதும். ஒரு பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம்!

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நான் துணிக்கொடி என்று சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: (6, 2.25) என்ற புள்ளியும் அதே பரவளையத்தில் உள்ளது. அங்கே பட்டாலும் 14 வருமா? செய்து பார்த்து, விடையை இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவி