போனில் ஆஜர்: கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளை மாநில மின் நிறுவனத்துக்காக பெல் நிறுவனம் கட்டிவரும் திட்டம் அது. அரசுத் திட்டம், நாடே பார்த்த விபத்து. பிரதமரும் முதல்வரும் உடனே நிவாரணம் அறிவித்தார்கள். எல்லா விபத்துக்கும் அப்படி நடப்பதில்லை. சட்டத்தின் வழியே இழப்பீடு கேட்டுப் போகிற குடும்பம், இறந்தவர் இந்த சைட்டில், இந்த காண்டிராக்டரிடம், இவ்வளவு கூலிக்கு வேலை பார்த்தார் என்று காட்டியாக வேண்டும். 2014 ஜூன் 28இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுகூட முதலில் தெளிவாக இல்லை. மேஸ்திரியின் நோட்டில் எழுதப்படும் ஆள் கணக்கை நம்பி இயங்கும் தொழிலின் நிலைமை இதுதான்.

அந்த நோட்டுக்குப் பதிலாக இப்போது ஸ்மார்ட்போன் வந்திருக்கிறது. சைட்டைச் சுற்றி மின்னணு வரைபடத்தில் ஓர் எல்லை வரைந்துவிடுகிறார்கள். தொழிலாளி அந்த எல்லைக்குள் நின்று செயலியைத் தொட்டால் இடம், நேரம், பெரும்பாலும் ஒரு முகப்படம் ஆகியவை பதிவாகி ஆஜர் விழுகிறது. இதில் இரண்டு வகை உண்டு; இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். முதல் வகை, உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என இரண்டு தருணங்களில் மட்டும் இடத்தைக் குறித்துக்கொள்வது. இரண்டாவது, போன் எங்கே போகிறதோ அதையெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே இருப்பது. முதல் வகையை, அதன் நகல் தொழிலாளியின் கையிலும் இருக்கும் என்ற நிபந்தனையோடு, நான் வரவேற்கிறேன். இரண்டாவது வகையை எந்த நிபந்தனையோடும் ஏற்க முடியாது.

வரவேற்பதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டடத் தொழிலாளி ஒருவர் நல வாரியப் பயன்களுக்குப் பதிவுசெய்ய வேண்டுமானால் 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். பதிவுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த 90 நாள் தொடர்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலேயே வந்துவிட்டது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல வரியாகப் பிடிக்கவும் செய்கிறார்கள். பணம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது. ஒரு மாதம் திருவொற்றியூரில் கம்பி கட்டி, அடுத்த மாதம் இராயபுரத்தில் சென்ட்ரிங் அடித்து, அதற்கடுத்த மாதம் வல்லூருக்குப் போகிற ஒருவரிடம் அந்த 90 நாளுக்கான எழுத்துச் சான்று மட்டும் இருப்பதில்லை. மூன்று மேஸ்திரிகளின் மூன்று நோட்டுகளில் அது சிதறிக் கிடக்கிறது. வார இறுதிப் பட்டுவாடாவில் அரை நாள் குறைந்தாலும், ஓவர்டைம் விட்டுப்போனாலும் அவருடைய நினைவு ஒரு பக்கம், மேஸ்திரியின் நோட்டு மறுபக்கம். இடமும் நேரமும் பொறித்த பதிவு ஒன்று அவர் கையில் இருந்தால் இந்தத் தகராறுகளில் பாதி எழாது. காண்டிராக்டருக்கும் இதில் நியாயமான ஆதாயம் உண்டு. வந்தது 18 பேர், எழுதியது 22 பேர் என்ற பழைய மோசடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நான்கு பேரின் கூலி எந்தத் தொழிலாளிக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தால் செய்ய முடியாதவற்றையும் அதன் மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். திறந்த வானத்தின் கீழ் ஒரு போன் தன் இடத்தைச் சுமார் ஐந்து மீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிடும். உயரமான சுவர், இரும்புத் தூண், கான்கிரீட் தளம் இவற்றுக்கு நடுவே செயற்கைக்கோள் அலைகள் மோதித் திரும்பி வருவதால் பிழை பல மடங்காகிறது. அதற்கு இடம்கொடுத்து எல்லையைப் பெரிதாக வரைந்தால், ஒரே மதிலை ஒட்டி அடுத்தடுத்த நிறுவனங்கள் இருக்கும் எண்ணூர் பகுதியில் பக்கத்து வளாகத்தில் நிற்பவருக்கும் ஆஜர் விழும். சிறிதாக வரைந்தால் உள்ளே வேலை செய்பவருக்கே விழாது. எரிவாயுவும் எண்ணெயும் கையாளும் வளாகங்களின் ஆபத்துப் பகுதிகளில் சாதாரண போனை எடுத்துச் செல்லவே அனுமதி கிடையாது. போனை வாசலில் வைத்துவிட்டு வெல்டிங் செய்யப் போகிறவரை அந்தப் போனை வைத்து எப்படிக் கண்காணிப்பது? இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட முறை நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு நூறு நாள் வேலைத் திட்டமே சாட்சி. 2021 மே மாதம் அத்திட்டத்தில் ஆஜர் பதிவுசெய்ய அறிமுகமான என்எம்எம்எஸ் செயலி 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமானது. இடமும் நேரமும் பொறித்த படங்களை நாளுக்கு இரண்டு முறை ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத இடங்களில் படம் ஏறாமல், உழைத்தவர்கள் அன்றைய கூலியை இழந்தார்கள். டெல்லி வரை போய்ப் போராடினார்கள். மோசடியாவது ஒழிந்ததா? தொடர்பில்லாத படங்களை ஏற்றுவதையும், பழைய படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவதையும், எண்ணிக்கை பொருந்தாததையும் 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் பட்டியலிட்டது. ஏமாற்ற நினைத்தவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது, சிக்னல் கிடைக்காதவருக்குத்தான் கூலி கிடைக்கவில்லை. எண்ணூர் போன்ற வடசென்னைக் கட்டுமானத் தளங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: செயலி தவறினால் நட்டம் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது. செயலியின் ஆஜர் இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டிக் கூலியைப் பிடிக்க முடியாது என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது.

நாள் முழுக்கத் தொடர்ந்து கண்காணிக்காவிட்டால் ஆஜர் போட்டுவிட்டு ஆள் நழுவிவிடுவாரே என்பது காண்டிராக்டர்கள் தரப்பின் முக்கியமான ஆட்சேபம். கவலை நியாயமானது, அதற்குக் கேட்கும் மருந்து தவறானது. கட்டுமான வேலை கண்ணுக்குத் தெரியும் வேலை. எத்தனை சதுர அடி பூச்சு முடிந்தது, எத்தனை டன் கம்பி கட்டியாயிற்று என்று மாலையில் அளந்துவிடலாம். மேஸ்திரியும் சூப்பர்வைசரும் அதற்காகத்தான் இருக்கிறார்கள். மேலும், வெளி மாநிலத் தொழிலாளர்கள் பலர் தங்குவது சைட்டுக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ உள்ள கொட்டகைகளில். அவர் சாரத்தில் நிற்கிறாரா, கொட்டகையில் தூங்குகிறாரா என்று வரைபடத்துப் புள்ளி சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் கடைவீதிக்குப் போனதையும், தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு மணி நேரம் இருந்ததையும் மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடும். வேலையை அளக்க உதவாத தகவல், ஆளை மிரட்டத் தாராளமாக உதவும்.

ஒரு காரணத்துக்காகத் திரட்டிய தகவல் அந்தக் காரணத்தோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கட்டட வேலை பார்க்கும் சிங்கப்பூரில், கொரோனா காலத்தில் கொண்டுவந்த டிரேஸ்டுகெதர் செயலி தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று அமைச்சரே உறுதி சொன்னார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது, குற்ற விசாரணைக்காக காவல்துறையும் அந்தத் தகவலைக் கேட்டுப் பெறலாம் என்பது. எதிர்ப்புக்குப் பிறகு, கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று அவசரமாகச் சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள். சட்டத்தை மதித்து நடக்கும் நாடு என்று பெயரெடுத்த இடத்தின் கதை இது. இங்கே, சப்-காண்டிராக்டருக்குக் கீழ் இன்னொரு சப்-காண்டிராக்டர் என்று நீளும் சங்கிலியில், யாருடைய செயலி, தகவல் எந்த சர்வரில் இருக்கிறது என்று யாரிடம் கேட்பது?

தொழிலாளியே சம்மதித்துத்தானே செயலியை ஏற்றுகிறார் என்பார்கள். வாசலில் நிற்கும்போது ‘ஏற்றாவிட்டால் வேலை இல்லை’ என்று சொல்லி வாங்குவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் என்றால் ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாளலாம் என்று வழிவிட்டிருக்கிறது. ஆகவே, சட்டம் காப்பாற்றிவிடும் என்று சங்கங்கள் காத்திருக்க முடியாது.

விபத்து நேர்ந்தால் ஆளைத் தேட உதவுமே என்ற வாதம்தான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. சாரம் சரிந்த மண்ணில் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இடிபாட்டுக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது, போன் தப்பியிருக்கும் என்ற உறுதியும் இல்லை. மீட்புக் குழுவுக்கு அப்போது தேவைப்படுவது இன்று உள்ளே போனவர் யார், இன்னும் வெளியே வராதவர் யார் என்ற பட்டியல். நுழைவு, வெளியேற்றம் என்ற இரண்டு பதிவுகள் அதைத் தந்துவிடும். போன் இல்லாதவருக்கும், போனைக் கொண்டுபோகக் கூடாத இடத்துக்கும், மாலையில் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடும் அடையாள வில்லை போதும்.

தொழிலாளர் துறையும் நல வாரியமும் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. அரசு டெண்டர்களிலிருந்தே தொடங்கலாம். நாளுக்கு இரண்டு பதிவுக்கு மேல் இடத்தைக் குறிக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவும் அந்த நிமிடமே தொழிலாளிக்கு அவருடைய மொழியில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். 90 நாள் நிறைந்ததும் அந்தப் பதிவையே வாரியம் சான்றாக ஏற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒப்பந்த நிபந்தனையாக்க புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அது வரும்வரை, போனில் ஆஜர் போடும் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஜர் விழுந்ததும் திரையைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வேலை நேரம் முடிந்ததும் அந்தச் செயலிக்குக் கொடுத்த லொகேஷன் அனுமதியை நிறுத்திவிடுங்கள்.