காதில் விழுந்தால் மட்டும் போதுமா?

எம்ஆர்டி நிலையங்களில் ஒலிக்கும் நான்கு மொழி அறிவிப்புகளைக் கேட்டிருப்பீர்கள். மலாயில் வரும் ‘பெர்ஹாத்தி-ஹாத்தி டி ருவாங் பிளாட்ஃபார்ம்’ பலரின் காதில் ‘ஹாப்பி ஹாப்பி’ என்றே விழும். சிங்கப்பூரில் இது பழைய வேடிக்கை. உண்மையில் அது இடைவெளியைப் பார்த்துக் கவனமாக இருக்கச் சொல்கிறது. மகிழ்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிடோக்கில் ஏறி இறங்கும் மாணவர் அதை எத்தனையோ முறை கேட்டிருப்பார். ஆனாலும் மலாய் வந்துவிடவில்லை.

ஏன்? எழுத்தில் இருப்பதுபோல் பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒலி ஒரே ஓட்டமாக வருகிறது. அதை எங்கே வெட்டுவது என்று மூளைதான் முடிவு செய்கிறது. தெரியாத மொழி என்றால், தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்து அங்கே ஒட்டவைத்துவிடும்.

ஆங்கிலம் கற்க பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியும் ஒலிநூலும் கேட்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். தமிழகத்திலிருந்து அண்மையில் வந்து இங்கே பள்ளியில் சேர்ந்தவரைக் கேளுங்கள். பாடநூல் புரியும், வகுப்பில் பேச்சு பாதி நழுவும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசை சுருங்கிவிடுவது ஒரு காரணம். ‘கம்ஃபர்டபிள்’ என்று கண்ணால் படித்த சொல் காதில் ‘கம்ஃப்டபிள்’ என்று விழுகிறது. ‘ஆஃப்’, ‘டு’ போன்ற குட்டிச் சொற்கள் ஏறக்குறையக் காணாமலே போகின்றன.

ஆகவே, ஒரு மணி நேரம் காதில் ஓடவிடுவதைவிட இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். எந்தச் சொல்லைத் தவறவிட்டீர்களோ அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பலன் தரும்.

ஒரே குரலோடு நின்றுவிடவும் வேண்டாம். ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பல குரல்களில் பயிற்சி தந்த அமெரிக்க ஆய்வு 1991இல் வெளியானது. அவர்களது காது தேறியது.

இன்னோர் ஆய்வு சற்று எச்சரிக்கிறது. பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டது அது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், நேரில் விளையாடியவரிடமிருந்து சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைப் பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. நீங்கள் கைக்குழந்தை இல்லை. என்றாலும், கேட்ட கதையை நண்பரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

ஒலிநூலுக்குக் காசு தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர்கள் கைப்பேசியிலேயே இரவல் பெறலாம். பிடோக் பொது நூலகத்தில் அதே கதை அச்சிலும் கிடைத்தால் இன்னும் நல்லது.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா? முதல் முறை கேட்கலாம். தேர்வின் கேட்டல் பகுதியில் அந்தப் பொத்தான் இருக்காது.