வண்டிக்குத்தான் பிரேக், குக்கருக்கு இல்லை

வெள்ளிக்கிழமை இரவில் கிழக்குத் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் நடந்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். தெருமுனையில் ஒரு டூரிஸ்ட் வேன் நிற்கும். பின்கதவு வழியாக அண்டா, குக்கர், ஸ்டவ், மடக்கு நாற்காலி, 20 லிட்டர் தண்ணீர் கேன் என்று ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் ஏத்தியாச்சு, கிளம்பலாம்" என்பார். ஏற்றியாகிவிட்டது, சரி. கட்டியாகிவிட்டதா?

நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே நாம் அறிந்திருந்த கேரவன், இன்று குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாகவும் ஆகிவருகிறது. கேரளம் 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. வாடகை வேனோ சொந்தக் கேரவனோ, இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். வீட்டுச் சாமான் அசையாத தரைக்காகச் செய்யப்பட்டது. அதை ஓடுகிற தரையில் வைக்கிறோம்.

நகரும் பொருள், ஏதாவது தடுக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும் என்று நியூட்டன் 1687-ல் எழுதினார். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிரேக் போட்டபோது கம்பியைப் பிடிக்காமல் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது. சக்கரம் வண்டியை நிறுத்துகிறது. சீட் பெல்ட் நம்மை நிறுத்துகிறது. குக்கரை நிறுத்த எதுவும் இல்லை. முன் சீட்டில் இருப்பவரின் முதுகுதான் நிறுத்தும்.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் ஆபத்து புரியும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருள் மோதுவதும், அது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. அதாவது இரண்டாவது மாடி. 60 என்றால் 14 மீட்டர், 80 என்றால் 25 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகிறது. எட்டாவது மாடியிலிருந்து விழும் தண்ணீர் கேனுக்குக் கீழே யாராவது உட்காருவார்களா?

விபத்தே நடக்க வேண்டும் என்பதில்லை. உருளும் தண்ணீர் பாட்டில் ஒன்று டிரைவரின் காலடிக்கு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே சிக்கிக்கொண்டால் போதும்.

எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது? சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பியத் தரவிதி ஒரு கணக்குச் சொல்கிறது. முன்பக்கம் நகர்வதைத் தடுக்கும் பிடி, பொருளின் எடையில் 0.8 பங்கைத் தாங்க வேண்டும்; பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கு. 50 கிலோவைத் தொடும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு முன்பக்கம் மட்டும் 40 கிலோ தாங்கும் பிடி வேண்டும். இது பலமாகப் பிரேக் போடுவதற்கான கணக்கு. மோதலில் விசை இதைப் போலப் பல மடங்கு. அதனால் பேட்டரிக்குப் பெல்ட் போதாது. இரும்புத் தட்டில் வைத்துத் தரையோடு போல்ட் போட வேண்டும்.

மற்ற சாமானுக்கு ராட்செட் பெல்ட் நல்ல துணை. லாரிகளில் பார்த்திருப்பீர்கள். நடுவில் பிளவுபட்ட ஓர் அச்சு, அதன் இரு பக்கமும் பல்சக்கரம், பல்லில் விழும் ஒரு நாக்கு, ஆட்ட ஒரு கைப்பிடி. பெல்ட்டைப் பிளவில் நுழைத்துக் கைப்பிடியை ஆட்டினால் 'கடக் கடக்' என்று அச்சு சுழன்று பெல்ட்டைச் சுருட்டும். நாக்கு அதைப் பின்னோக்கிச் சுழல விடாது. அச்சில் குறைந்தது ஒன்றரைச் சுற்றாவது விழ வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் சிக்கிக்கொள்ளும். நைலான் கயிறு இழுபடும், முடிச்சு தளரும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு பாய் தலையணைக்குச் சரி, அண்டாவுக்கு ஆகாது.

பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாட்டிய இடம்தான் பலம். பிளாஸ்டிக் கைப்பிடியிலோ ஜன்னல் ஓரத்திலோ மாட்டினால் அதையும் பிய்த்துக்கொண்டு சாமான் வரும். தரையில் போல்ட் போட்ட இரும்பு வளையம் வேண்டும். இல்லையென்றால் சீட்டின் இரும்புச் சட்டம்.

கட்டுவதற்கு முன் அடுக்குவது முக்கியம். கனமானது கீழே, வண்டியின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவில், சுவரை ஒட்டி. ஒட்டியிருக்கும் பொருளுக்கு வேகம் எடுக்க இடம் கிடைக்காது. நான்கு விரல் இடைவெளி இருந்தால் அந்த நான்கு விரலிலும் வேகம் எடுக்கும். வீடு மாற்றும்போது நம் அம்மாக்கள் பாத்திரத்துக்குள் பாத்திரம் போட்டு, நடுவே பழைய வேட்டியைத் திணிப்பது இந்த அறிவியல்தான். மேல் அலமாரிக்குக் காந்தப் பூட்டு போதாது, அழுத்தித் திறக்கும் பூட்டு வேண்டும். கூரையில் பாரம் கூடக்கூட, பெருங்களத்தூரில் பைபாஸுக்கு வளைந்து ஏறும்போது வண்டி சாயும்.

கட்டினாலும் ஏற்றக் கூடாத சாமான், வீட்டு சிலிண்டர். 14.2 கிலோ எரிவாயுவும் உருளையின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ. படுத்துவிட்டால் வால்வு வழியாக ஆவிக்குப் பதில் திரவமே கசியலாம். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய வண்டியின் தரையிலேயே தங்கும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டி ஓடக்கூட இல்லை.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுத் தருபவர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி இருக்கிறது. விமானத்தைத் தலைகீழாகப் புரட்டுவதற்கு முன், கட்டாமல் கிடக்கும் பொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது எந்த நாட்டு விமானிக்கும் பாலபாடம். ஒரு பேனா கூட மிதந்து போய் விசைகளுக்கிடையே சிக்கலாம்.

நாமும் ஒரு சோதனை செய்யலாம். கிளம்பியதும், பின்னால் வண்டி வராத தெருவில், 20 கிலோமீட்டர் வேகத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, டிரைவரை ஒரு முறை பிரேக் போடச் சொல்லுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒரு பெல்ட் போடுங்கள். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி டீக்கு இறங்கும்போது, தளர்ந்த பெல்ட்டை இன்னொரு 'கடக்' இறுக்குங்கள்.