விலையிலா மடலைத் தேடி

1971-இல் கோவையில் புறப்பட்ட 'வானம்பாடி' தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்றே சொல்லிக்கொண்டது. காசில்லாமல் கைக்கு வந்த இதழை யார் கட்டிப் பத்திரப்படுத்துவார்கள்? படித்தார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்கள், மறந்தார்கள். அச்சிட்டவர்களும் அப்படிக் கைமாறிப் போவதைத்தான் விரும்பினார்கள்.

அந்தக் காற்றில் எழுதியவர்களில் சிலர் கேரள எல்லையோரத்துக்காரர்கள். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்பி பாலக்காட்டு வட்டாரத்தில் மலையாளப் பள்ளியில் படித்தவர். இடுக்கி மலையடிவாரத்தில் போடி மீனாட்சிபுரம் நா. காமராசனின் ஊர். (பாலக்காட்டு எல்லையிலும் ஒரு மீனாட்சிபுரம் உண்டு, அது வேறு.) பெரியகுளத்துக்காரர் மு. மேத்தா.

இன்று அதே மடலையும், 1971-இல் வந்த காமராசனின் 'கறுப்பு மலர்கள்', 1973-இல் வந்த வானம்பாடிக் கவிஞர்களின் 'வெளிச்சங்கள்' தொகுப்பு ஆகியவற்றின் முதல் பதிப்பையும் கேட்டு கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஆள் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அட்டைப்படம் வந்ததும் "எனக்கு" என்று முந்துகிறார்கள்.

படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டும். மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' 1974-இல் வந்து எத்தனையோ பதிப்பு கண்டது. மறுபதிப்பில் அந்த ஒரு தாள் கிழிந்திருந்தால் முதல் பதிப்பென்று தள்ளிவிடுவது சுலபம். அப்போது எழுத்தைப் பாருங்கள். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். அதற்கு முந்தைய புத்தகங்களில் 'லை', 'னை' எல்லாம் பெரும்பாலும் தும்பிக்கை வளைவோடு இருக்கும். பெரியார் வழி அச்சகங்கள் விலக்கு. அவை எப்போதோ மாறிவிட்டன. தாளின் பின்புறம் விரலை ஓட்டினால் ஈய எழுத்து அழுந்திய தடம் தட்டுப்படும். ஆஃப்செட்டில் அது கிடையாது.

முன்பு சேகரித்தவர்கள் வேறு ரகம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவைதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் முதல் பதிப்புகளை ஆய்வாளர்களுக்குக் காட்டிய இடம். இன்றைய சேகரிப்பாளர்களில் சிலர் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். இலவசமாகக் கொடுத்த கவிதைக்கு இந்தப் பூட்டு பொருந்தவில்லை என்பதே என் கட்சி.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மூணாறு, பீர்மேடு பக்கம் தமிழ் வாத்தியார்கள் வாழ்ந்த வீடுகளில் பரணை ஒருமுறை பாருங்கள். இடுக்கி ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பழைய கவிதை மடல் ஏதும் கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். விற்பதானாலும், முதலில் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து, பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறைக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.