ஃபார்மெட் செய்தாலும் போகாத ஆபத்து

பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்குகிறோம். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மெட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறார். இனி எல்லாம் சுத்தம் என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் ஃபார்மெட் தொடாத ஓர் இடம் கணினிக்குள் இருக்கிறது. அதுதான் ஃபர்ம்வேர்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் இயங்குவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டின் சிறிய சிப் ஒன்றில் பதிந்திருக்கும் இந்த மென்பொருள்தான். மெமரி, கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றைத் தயார்படுத்திய பிறகே அது விண்டோஸை அழைக்கிறது. முன்பு இதை பயாஸ் என்றார்கள். இப்போதைய கணினிகளில் இருப்பது யுஇஎஃப்ஐ. விண்டோஸுக்கு முன்பே இது இயங்குவதால், இதற்குள் புகுந்த வைரஸை ஆன்டிவைரஸ் கண்டுபிடிப்பது கடினம்.

இது வெறும் கற்பனை அல்ல. 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ், அந்தச் சிப்பிலேயே தன்னை எழுதிக்கொண்டது. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகவில்லை. அதன் இலக்கு ஐரோப்பாவின் சில அரசு அமைப்புகள். நம்மைப் போன்ற வீடுகள் அல்ல.

ஆனால் 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவனம் வெளியிட்ட லோகோஃபெயில் குறைபாடுகள், வீடுகளில் பயன்படும் கணினிகளிலும் இருந்தன. கணினி தொடங்கும்போது திரையில் தோன்றும் லோகோ படத்தைப் படிக்கும் நிரலில்தான் ஓட்டை. ஒரே ஃபர்ம்வேரைப் பல தயாரிப்பாளர்கள் வாங்கிப் பயன்படுத்துவதால், ஒரு பிழை பல பிராண்டுகளுக்கும் பரவியது. தயாரிப்பாளர்கள் திருத்தங்களை வெளியிட்டார்கள். அவற்றை நிறுவாத கணினியில் ஓட்டை அப்படியே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

• ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும்.

• கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டுமே அப்டேட்டைத் தேட வேண்டும்.

• முக்கியக் கோப்புகளையும் படங்களையும் முதலில் வேறோர் இடத்தில் சேமிக்க வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் குறித்து வைக்க வேண்டும்.

• அப்டேட் முடியும்வரை சார்ஜரைக் கழற்றக் கூடாது. பாதியில் மின்சாரம் நின்றால் கணினியே இயங்காமல் போகலாம்.

• செக்யூர் பூட் வசதியை அணைக்கக் கூடாது.

• கிராக் மென்பொருள்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றுக்கு நாம் கொடுக்கும் அட்மின் அனுமதிதான் பெரும்பாலும் ஃபர்ம்வேர் வரை செல்லும் வழி.

வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினி இது. இன்றே அந்தத் தேதியைப் பார்த்துவிடுவோம்.