கொல்லைப்புறச் செல்வம் – 9: தலையாடும் தனியாடும்

கொட்டிலின் அமைப்பையும் தழைப் பயிர்களையும் பற்றிச் சென்ற வாரங்களில் விரிவாக எழுதிய பின், அந்தக் கொட்டிலில் வாழும் ஜீவன்களின் சுபாவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகள் உள்ளன; அந்தப் பெருந்தொகையில் ஒவ்வோர் ஆடும் ஓர் எண் மாத்திரமே. ஆனால், ஐந்தாறு பெட்டை ஆடுகளை வீட்டின் பின்புறத்தில் வைத்துக் காப்பாற்றும் குடும்பத்துக்கு, அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை என்பது எவரும் கற்பிக்க வேண்டாத பிரத்தியட்ச உண்மை. எது முதலில் படலைத் தாண்டும், எது குட்டியை விட்டு அகலாது, எது கட்டுக்கயிற்றின் முடிச்சை உதடுகளாலேயே அவிழ்த்துவிடும், எது அந்நியர் கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பனவெல்லாம் அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இந்த அறிவைப் பிராணிகளிடம் கொண்ட செல்லத்தின் விளைவு என்று ஒதுக்குவோர் உண்டு. சிறு பட்டியின் நலமும் அதனால் வரும் லாபமும் பெரும்பாலும் இந்த அறிவையே சார்ந்திருக்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாங்கள் இருப்பது கரிசல் பூமி. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இந்த வானம் பார்த்த நிலத்துக்கு உரியவை கன்னி ஆடும் கொடி ஆடும். கரிய உடலில், கண்ணுக்கு மேலிருந்து முகவாய் வரை இறங்கும் இரு கோடுகளும், அடிவயிறும், கால்களின் உட்புறமும் வெண்மையாக இருந்தால் அது பால்கன்னி. அவையே செம்மையாக இருந்தால் செங்கன்னி. நெடிய காலும் ஒடுங்கிய உடலும் கொண்ட கொடி ஆட்டில், வெள்ளை மேனியில் கருமை சிதறியதைக் கரும்போரை என்றும் செம்பழுப்புச் சிதறியதைச் செம்போரை என்றும் வழங்குவர். இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகக் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. நிறம், உயரம், செவியின் நீளம், கொம்பின் வளைவு ஆகிய லட்சணங்களை இவ்வாறு எழுதிவைக்க முடியும். ஒரே தாய் ஒரே பொழுதில் ஈன்ற இரு பெட்டைக் குட்டிகளுள் ஒன்று அஞ்சாமல் மனிதர் மடியில் ஏறுவதையும் மற்றொன்று ஆயுள் முழுவதும் ஒதுங்கி நிற்பதையும் எந்த இனக்குறிப்பில் எழுதிவைப்பது?

எங்கள் பட்டியின் மூத்த ஆடு ஒரு கரும்போரை. பல் தேய்ந்து, முதுகெலும்பு புடைத்து, சந்தைக்குக் கொண்டுபோனால் கேட்பாரற்று நிற்கக்கூடிய நிலையில் இருக்கும் அந்த ஆடுதான் காலையில் மேய்ச்சலுக்கு முதலில் நடக்கிறது. அது நடந்தால் மற்றவை பின்தொடர்கின்றன, அது நின்றால் நின்றுவிடுகின்றன. செம்மறி மந்தையை வழிநடத்துவதற்காகவே ஒன்றிரண்டு கொடி ஆடுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது தென்மாவட்டத்து இடையர்களின் நெடுநாளைய வழக்கம் என்பதால், இது இனத்துக்கே இயல்பான குணம் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் இதே பட்டியில் இதன் சொந்தத் தங்கையும் இருக்கிறது. அது ஒருநாளும் முன்னே நடந்ததில்லை. மூத்த ஆட்டின் ஸ்தானம் பிறப்பால் மாத்திரம் வந்ததன்று. எந்த ஓடைக்கரையில் உடைமரத்து நெத்து உதிர்ந்து கிடக்கும், எந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் கல்லெறிவார், மழை இருட்டிக்கொண்டு வந்தால் எந்தப் பாதை விரைவில் வீடு சேர்க்கும் என்பவற்றைப் பல ஆண்டுகளாகக் கண்டு நினைவில் இருத்திக்கொண்டதனால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு பேதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வழியில் முன்னே செல்லும் ஆடே தொட்டியிலும் முதலிடம் பெறும் என்று எண்ணிவிடலாகாது. எங்கள் தொட்டியின் அதிகாரம் நீண்ட கொம்புடைய செங்கன்னி ஒன்றின் வசம் இருக்கிறது. அது தலையைச் சற்றே சாய்த்தால் போதும், மற்றவை விலகி இடம் விடும்; எப்போதேனும் ஒன்று விலக மறுத்தால், இரண்டும் பின்னங்கால்களில் எழும்பி நின்று, மேலிருந்து கீழாகத் தலையை இறக்கி மோதிக்கொள்ளும். செம்மறிகள் பின்வாங்கி ஓடிவந்து நேருக்கு நேர் முட்டுவதற்கும் வெள்ளாட்டின் இந்த முறைக்கும் உள்ள வேறுபாடு பார்க்கப் பார்க்க அழகியது. பொதுவாக வயதும் கொம்பும் உடற்கட்டுமே இந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. வரிசை ஒரு முறை அமைந்துவிட்டால் பெரும்பாலும் சண்டையின்றி, ஒரு பார்வையிலும் ஒரு தலையசைப்பிலும் காரியம் நடந்துவிடுகிறது. ஆதலால் பட்டியின் அமைதி என்பது பலவீனமான ஆடு தன் பங்கை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதனால் கிடைக்கும் அமைதி என்பதை நாம் மறக்கலாகாது. எங்களிடம் கொம்பில்லாத மொட்டை ஆடு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் தழை போட்ட காலத்தில் அது இளைத்துக்கொண்டே போயிற்று. குடற்புழுவாக இருக்கலாம் என்று மருந்து புகட்டியும் தேறவில்லை. அகத்தியையும் வேப்பங்குழையையும் ஒரே கட்டாகத் தொங்கவிடாமல், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் பல கட்டுகளாகத் தொங்கவிடத் தொடங்கிய பிறகுதான் அதன் விலா எலும்புகள் மறையத் தொடங்கின. ஓர் ஆடு மெலிந்தால் அதன் வாயையும் சாணத்தையும் பரிசோதிப்பதற்கு முன்னால், தொட்டி ஓரத்தில் சிறிது நேரம் சும்மா நின்று பார்ப்பது நல்லது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கல்யாணச் செலவுக்காகப் பட்டியின் தலையாட்டை விற்க நேர்ந்தது. நான்கு பெட்டைகள் மிஞ்சின. அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டுக் கொல்லையில் ஓயாத மோதல். சினையாக இருந்த ஒன்று விலாவில் முட்டுப்பட்டுக் குட்டியை இழந்தது. மேய்க்கும் பொறுப்பை ஏற்றிருந்த மதினி என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை: “முந்தி ஒண்ணைப் பத்துனாப் போதும் தம்பி, மத்ததெல்லாம் தானா வரும். இப்ப நாலையும் நாலு தெசையில போயிப் பிடிக்க வேண்டியிருக்கு. அந்தக் கெழட்டு ஆட்டோட அருமை அது போனப்புறந்தான் தெரியுது.” அந்த ஆட்டை வாங்கிய வியாபாரி, இடுப்பருகே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்துக் கறியை மதித்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்தார். அவருடைய தொழிலுக்கு அது போதும். வளர்ப்பவர்களும் அதே கணக்கைத் தம் கணக்காகக் கொண்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

இனித் தாய்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டியில் கடைசி ஸ்தானம் பெற்ற அந்த மொட்டை ஆட்டைப் பற்றி மேலே சொன்னேன். நிழலைக் கண்டும் ஒதுங்கும் அந்தப் பிராணி, இரண்டு குட்டிகளை ஈன்ற மறுநாள், வேலிச் சந்து வழியே நுழைந்த தெருநாயை எதிர்த்து நின்ற காட்சியைக் கண்ட பின், கோழைத்தனம் என்றும் தைரியம் என்றும் ஒரே அளவுகோலால் ஒரு ஜீவனை அளந்துவிடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதிகாரம் செலுத்தும் செங்கன்னியோ, முதல் ஈற்றில் குட்டி காம்பைத் தேடி வந்தபோதெல்லாம் காலை உதறிக்கொண்டு நகர்ந்தது. அதைப் பிடித்து நிறுத்திப் பாலூட்டச் செய்ய வீட்டிலுள்ள அனைவரும் முறை வைத்துக் காவல் இருந்தோம்.

இந்தப் பாசம் எப்போது, எவ்வாறு உண்டாகிறது என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிளாப்ஃபர் முதலியோர் ஆராய்ந்து 1964 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குட்டி பிறந்தவுடன் ஐந்தே நிமிஷம் தாயுடன் விட்டுப் பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்தாலும் தாய் அதைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிஷமும் அளிக்காமல் பிறந்தவுடனேயே பிரித்துவிட்டால், திரும்பக் கொண்டுவந்த தன் குட்டியையே பெரும்பாலான தாய்கள் முட்டித் தள்ளின. ஈரம் காயாத குட்டியை நக்கும் அந்தச் சிறு பொழுதில் வாசனையால் ஏற்படும் முத்திரையே தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு என்பது இதனால் புலனாகிறது. நல்லெண்ணத்தோடு குட்டியை உடனே எடுத்துத் துணியால் துடைத்து, அடுப்பங்கரையின் கதகதப்பில் கொண்டுபோய் வைப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவர்களிடம் நான் கைகூப்பி வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் விலக்கிவிட்டு, குட்டியைத் தாயின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். முதல் ஈற்றுக்காரிகளுக்கு இது மிக மிக முக்கியம்.

வாசனைக்கு அடுத்தது குரல். தாய் ஆடுகள் தம் குட்டிகளின் குரலை, பால் மறந்து பிரிந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் இனம் கண்டுகொள்கின்றன என்று லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் 2012 இல் நிரூபித்தனர். பதிவு செய்து வைத்திருந்த பழைய குரலை ஒலிக்கச் செய்தபோது, அறிந்த மற்றக் குட்டிகளின் குரலுக்குக் காட்டாத பரபரப்பைத் தம் குட்டியின் குரலுக்கு அவை காட்டின. குட்டி விற்ற வீடுகளில் தாய் இரவும் பகலும் கத்துவதை நாம் கேட்டிருக்கிறோம். கத்தல் ஓய்ந்தவுடன் மறந்துவிட்டது என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். ஓய்ந்தது குரல் மாத்திரமே என்று இந்தப் பரிசோதனை சொல்கிறது. குட்டிகளை விற்காமல் எவரும் ஆடு வளர்க்க முடியாது என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஒரே நாளில் விற்காமல் ஒன்றைச் சில வாரம் தாயிடம் விட்டுவைப்பது நம்மால் இயலக்கூடிய தயவு. மடி கட்டிப் புண்ணாகாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

நெற்றியில் வெள்ளைப் புள்ளி உடைய சுட்டி என்ற ஆடு வேறொரு ரகம். கூட்டத்தோடு ஒட்டாமல் நான்கு முழம் தள்ளியே படுக்கும். எல்லாம் தழையைக் கடித்துக்கொண்டிருக்கையில் அது படலின் தாழ்ப்பாளை முகர்ந்துகொண்டிருக்கும். முடிச்சு அவிழ்ப்பதும் தாழ் நீக்குவதும் அதற்குக் கைவந்த வித்தைகள். ‘திருட்டு ஆடு’ என்று வைவதில் பயனில்லை. அது ஒரு விவேகம். அதே லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2014 இல் வெளியிட்ட பரிசோதனையில், கயிற்றைப் பல்லால் இழுத்துப் பின் நெம்புகோலை முகத்தால் உயர்த்தினாலன்றி உணவு கிட்டாத ஒரு பெட்டியை அமைத்துக் கொடுத்தனர். பெரும்பாலான ஆடுகள் சில முயற்சிகளிலேயே அதைக் கற்றுக்கொண்டதோடு, பத்து மாதங்களுக்குப் பிறகு அதே பெட்டியைக் கண்டபோதும் மறக்காமல் திறந்தன. 2017 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. கூட்டத்தில் நாட்டம் குறைந்த ஆடுகளே சிலவகைச் சோதனைகளில் மற்றவற்றினும் நன்றாகத் தேறின என்று அது கண்டது. எங்கள் சுட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது. தாழ்ப்பாளை வெளிப்பக்கம், அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டோம். முருங்கை நாற்றுகள் பிழைத்தன.

பால் கறக்கும் விஷயத்திலும் சுபாவம் குறுக்கிடுகிறது. கன்னியும் கொடியும் பாலுக்குப் பேர்போனவை அல்ல. குட்டிகள் குடித்தது போக வீட்டுக் குழந்தைக்கு ஓர் ஆழாக்குக் கிடைத்தால் பெரிது. அதையும் கரும்போரை யார் கைக்கும் கொடுக்கும். சுட்டியோ என் சின்னம்மாவின் கைக்கன்றி மடி இளகாது. அச்சமோ கலக்கமோ ஏற்பட்டால் அட்ரினலின் பெருகி, பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது என்பது சரீர சாஸ்திரம். அடிப்பதும் அதட்டுவதும் அந்தத் தடையை வளர்க்கும். ஆதலால் ஒவ்வோர் ஆட்டையும் அது நம்பும் கையே கறக்க வேண்டும்.

எந்தப் பெட்டைக் குட்டியை வளர்ப்புக்கு நிறுத்திக்கொள்வது, எதை விற்பது என்ற கேள்வி வரும்போது, கொழுத்ததை நிறுத்தி மெலிந்ததைக் கழிப்பதே பொது வழக்கம். நான் முதலில் தாயைப் பார்ப்பேன்: இரட்டைக் குட்டிகளில் இரண்டையும் சமமாக ஊட்டியதா, ஈன்ற இடத்தை விட்டு அகலாமல் இருந்ததா, கறக்கும்போது நின்றதா என்று. இந்தக் காரணத்தாலேயே மொட்டை ஆட்டின் இளைய மகளை இந்த ஆண்டு நிறுத்திக்கொண்டிருக்கிறோம்; எடையில் அது செங்கன்னியின் மகளுக்குக் குறைந்ததுதான். வெளியிலிருந்து வளர்ந்த ஆட்டை வாங்குவோர், எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையின் ஆரவாரத்தில் அதன் குணத்தை அறிய முடியாது. அறிந்த வீடாக இருந்தால், ஆடுகள் மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாலை வேளையில் அங்கே போய், எது எதற்கு வழிவிடுகிறது, குட்டிகள் அலறிக்கொண்டு வரும்போது எது நின்று ஊட்டுகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசலாம். புதிய ஆட்டைக் கொண்டுவந்ததும் நேரே பட்டிக்குள் விடவேண்டாம். நோய் எதுவும் இல்லை என்று தெரியும் வரை தனியே கட்டிவைத்து, பிறகு மற்றவை பார்க்கும்படியாகப் படலுக்கு அப்பால் சில நாள் நிறுத்தி, மேய்ச்சல் வெளியில், இடம் தாராளமாக உள்ள பொழுதில் சேர்த்துவிட வேண்டும்.

சினைப் பட்ட ஆட்டின் ஐந்து மாத காலப் பராமரிப்பை அடுத்த வாரம் எழுதுகிறேன்.